செய்ய வேண்டியிருந்ததா, செய்ய வேண்டி வந்ததா?
ஸ்பானிய மொழிப் பாடம்: கடந்தகால வேலைக் கடமைகள்

“திங்கட்கிழமை நான் வயலில் வேலை செய்ய வேண்டியிருந்தது” என்று ஒருவர் கூறுகிறார். அவர் வேலை செய்தாரா? இவ்வசனத்தை மட்டும் கொண்டு நாம் முடிவு கூற இயலாது. “வேலை செய்ய வேண்டி வந்தது” என்று கூறினால், செய்தார் என்றே விளங்கிக்கொள்கிறோம். இதே வேறுபாடு ஸ்பானிய மொழியிலும் உண்டு. அதனை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இரு வடிவங்கள்

1. தெனீயா கே: கடமை இருந்தது. நிறைவேறியதா என்பது சொல்லப்படவில்லை.
“தெனீயா கே செகார் எல் லூனெஸ், பேரோ யோபியோ.”
(திங்கட்கிழமை கதிர் அறுக்க வேண்டியிருந்தது, ஆனால் மழை பெய்தது.)

2. தூபே கே: கடமை வந்தது, வேலையும் நடந்தது.
“தூபே கே செகார் எல் லூனெஸ்.”
(திங்கட்கிழமை கதிர் அறுக்க வேண்டி வந்தது. அறுத்தேன்.)

இவை “நான்” என்பதற்குரியவை. “நாங்கள்” எனில் தெனீயாமோஸ் கே, தூபீமோஸ் கே என வரும். “அவர்கள்” எனில் தெனீயான் கே, தூபியேரோன் கே என வரும். வேலையைக் குறிக்கும் சொல் எப்போதும் மாறாது: செகார் (அறுக்க), செம்ப்ரார் (விதைக்க), த்ரபஹார் (வேலை செய்ய).

வழக்கமான கடமை

நாள்தோறும் அல்லது வாரந்தோறும் இருந்துவந்த கடமைக்கு முதலாம் வடிவமே பொருந்தும். பொலிவியாவின் மலைப்பகுதிகளை உதாரணமாகக் கொள்வோம். அங்கு பெரும் பண்ணைகளில் வாழ்ந்த கெச்சுவா, அய்மாராக் கமக்காரர்கள் ஒரு துண்டுக் காணியில் பயிரிட்டு வந்தனர். அதற்கு ஈடாக வாரத்தில் பல நாட்கள் கூலியின்றிப் பண்ணையில் உழைத்தனர். முறைவைத்து முதலாளி வீட்டிலும் பணி செய்தனர். இவ்வீட்டுப்பணி “பொங்கேயாஹே” எனப்பட்டது.

1945 மே மாதத்தில் ஜனாதிபதி குவால்பெர்த்தோ வில்லாரோயெல் இதனை ஒழிக்கக் கட்டளையிட்டார். அடுத்த ஆண்டு அவர் கொல்லப்பட்டார். பழைய வழக்கமோ தொடர்ந்தது. 1952 புரட்சிக்குப் பின்னர், 1953 ஆகஸ்ட் 2ஆம் திகதி உக்குரேஞா கிராமத்தில் காணிச் சீர்திருத்தக் கட்டளை கைச்சாத்திடப்பட்டது. அதன் பின்னரே அம்முறை முடிவுக்கு வந்தது.

அக்காலத்தைக் கூறும்போது, “தெனீயாமோஸ் கே த்ரபஹார் த்ரேஸ் தீயாஸ் காதா செமானா” எனலாம். (வாரந்தோறும் மூன்று நாட்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது.) இது அன்றைய முறையை விளக்குகிறது.

எங்கே கவனம் தேவை?

செய்த வேலைக்குக் கூலி கேட்பவர் முறையை மட்டும் கூறினால் போதாது. “செய்ய வேண்டியிருந்தது சரி, நீர் செய்தீரா?” என்று கேட்க இடமுண்டு. எனவே இவ்வாறு கூறவேண்டும்:
“தூபே கே த்ரபஹார் த்ரேஸ் தீயாஸ் இ நோ மே பகாரோன்.”
(மூன்று நாட்கள் வேலை செய்ய வேண்டி வந்தது, எனக்குக் கூலி தரவில்லை.)
உழைப்பு நடந்தது என்பது வினைச்சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

எதிர்மறையிலும் இவ்வாறே. “நோ தூபே கே த்ரபஹார்” என்றால், வேலை செய்யும் தேவை ஏற்படவில்லை, செய்யவுமில்லை என்பதே வழக்கமான பொருள். “நோ தெனீயா கே த்ரபஹார்” என்றால், கடமை இருக்கவில்லை. ஆயினும் செய்திருக்கவும் கூடும்.

பயிற்சி

தெனீயா கே, தூபே கே ஆகியவற்றுள் எது வரும்?
அ. நேற்று விதைக்க வேண்டியிருந்தது. விதை வந்து சேரவில்லை.
ஆ. மாடு நோயுற்றதால் நானே கலப்பையை இழுக்க வேண்டி வந்தது.
இ. சிறுவயதில் ஒவ்வொரு காலையும் நான் தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது.

விடைகள்: அ. தெனீயா கே. ஆ. தூபே கே. இ. தெனீயா கே.

ஐயம் ஏற்படின், வசனத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். “வேண்டி வந்தது” பொருந்தினால் தூபே. “வேண்டியிருந்தது” பொருந்தினால் தெனீயா.