மெல்லக் கரையும் மருந்து

ஏரியொன்று நிறைந்து நிற்கின்றது. நள்ளிரவில் அதன் கரை உடையுமாயின், நீர் அனைத்தும் ஒருசேரப் பாய்ந்து நாற்றை அடித்துச் சென்று வயலை மணல்மேடாக்கிவிடும். அந்நீரே மதகின் வழியாக நாள்தோறும் அளவாக இறங்குமாயின், பயிர் தழைத்துக் கதிர் முற்றும். இரண்டிடத்தும் நீரின் அளவு ஒன்றே. அது வந்து சேரும் விரைவே வேறு. உண்ணும் மருந்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஒரே மருந்து, உடனே கரையும் மாத்திரையாகவும் மெல்லக் கரையும் மாத்திரையாகவும் இந்நாளில் கிடைக்கின்றது.

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் உடைந்து கரைகின்றது. கரைந்த மருந்து சிறுகுடலின் சுவரைக் கடந்து, கல்லீரலின் வழியாகக் குருதியிற் கலக்கின்றது. உடனே கரையும் மாத்திரையாயின், குருதியில் மருந்தின் அளவு விரைந்து ஏறி உச்சியை அடையும். பின்பு உடல் அதனைக் கழிக்கக் கழிக்க இறங்கும். இறங்கியபின் மறுவேளை மருந்து உண்ணவேண்டும். உச்சியில் நிற்கும்பொழுது மருந்தின் தீய விளைவுகள் தோன்றலாம். மிகத் தாழ்ந்தபொழுது நோய் தலைதூக்கலாம். இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்க வழி தேடினர் மருந்தியலார். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்து நிறுவனமொன்று 1952ஆம் ஆண்டில், நூற்றுக்கணக்கான நுண்ணுருண்டைகளை ஒரு கூட்டில் அடைத்து விற்பனைக்குக் கொணர்ந்தது. உருண்டைகளின் மேற்பூச்சு ஒரே தடிப்புடையதன்று. மெல்லிய பூச்சுடையவை முன்னும், தடித்த பூச்சுடையவை பின்னுமாகக் கரைந்தன.

நம் வீடுகளிற் பலரும் அறிந்த மெட்பார்மின் என்னும் நீரிழிவு மருந்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1922ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து வேதியியலார் இருவர் இதனை ஆக்கினர். எனினும், 1957ஆம் ஆண்டில் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதனை நீரிழிவு நோயாளர்க்கு அளித்துக் கண்ட பயனை வெளியிடும் வரையில், இம்மருந்து பெரிதும் பயன்படாமலே கிடந்தது. உடனே கரையும் மெட்பார்மினை நாள்தோறும் இரண்டு மூன்று வேளை உண்ணுதல் வேண்டும். அதனால் வயிற்றுப்புரட்டலும் கழிச்சலும் உற்று வருந்துவோர் பலர். மெல்லக் கரையும் மெட்பார்மினுக்கு அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் இசைவு அளித்தது. அதனுள் மருந்தோடு பிசினைப் போன்ற பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். நீர் பட்டதும் அது பருத்துக் கூழாகி, மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும்.

மெல்லக் கசிகின்றது என்பதை எவ்வாறு அறிவது? மாத்திரையை ஆய்வுக்கூடத்துக் கலத்திலிட்டுக் கரைத்துப் பார்க்கலாம். ஆயினும், கண்ணாடிக் கலம் மனிதக் குடல் ஆகாது. ஆதலின், நோயற்ற மக்களுள் தாமே விரும்பி முன்வருவோரிடம் ஆய்வு நிகழ்த்துவர். நோயாளரை விட்டு நலமுடையோரை நாடுவது ஏன் என்று வினவலாம். நோயாளர்க்கு நோயின் கடுமை நாளுக்குநாள் மாறும். அவர் உண்ணும் பிற மருந்துகளும் குறுக்கிடும். இரண்டு மாத்திரைகளை ஒப்பிடுங்கால், மாத்திரை ஒன்றே வேறாகவும் ஏனைய யாவும் ஒத்தனவாகவும் இருத்தல் வேண்டும். புற்றுநோய்க்குரிய கடிய மருந்துகள் சிலவற்றை நலமுடையோர்க்கு அளித்தல் தகாது. அவற்றை நோயாளரிடமே ஆய்வர்.

ஆய்வின் முறை எளியது; ஆனால் பொறுமை வேண்டுவது. பன்னிருவர்க்குக் குறையாமல் ஆட்களைத் தேர்வர். ஆய்வின் நோக்கமும் அதனால் நேரக்கூடிய இடரும் முன்னரே அவர்க்கு விளக்கப்படும். இசைந்து கையொப்பம் இட்டவரும் எந்நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். முதல்நாள் இரவு பத்து மணி நேரம் உண்ணாதிருந்து, காலையில் ஒரு குவளை நீருடன் மாத்திரையை விழுங்குவர். கையின் சிரையிற் பொருத்திய சிறு குழலின் வழியாக, முதலில் அடிக்கடியும் பின்னர் நீண்ட இடைவெளியிலுமாக, ஒரு நாளும் அதற்கு மேலும் சிறிது சிறிதாகக் குருதி எடுப்பர். மருந்து உடலைவிட்டு முற்றும் நீங்கியபின், அதே ஆட்கள் மற்றைய மாத்திரையை உண்பர். யார் எதனை முதலில் உண்பது என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் முடிவுசெய்வர். இவ்வாறு ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பாகின்றனர். முருகனின் குடலையும் கந்தனின் குடலையும் ஒப்பிடும் குழப்பம் இங்கில்லை.

கிடைத்த அளவுகளை வரைபடத்தாளிற் குறித்தால் இரண்டு மலைகள் தோன்றும். ஒன்று செங்குத்தான குன்று. மற்றது தாழ்ந்து அகன்ற மேடு. மலையின் உச்சி எவ்வளவு, உச்சியை எட்டிய நேரம் யாது, கோட்டின்கீழ் அடங்கிய பரப்பு எத்துணை என்னும் மூன்றையும் கணிப்பர். இவற்றுள் பரப்பே உடலுட் புகுந்த மருந்தின் மொத்தத்தைக் காட்டுவது. இரண்டு பரப்புகளும் ஒத்தன எனக் கொள்ள, அவற்றின் விகிதம் 80 விழுக்காட்டிற்கும் 125 விழுக்காட்டிற்கும் இடையே அமையும் என்பது கணக்கினால் உறுதிப்படவேண்டும். 80 என்பது ஐந்தில் நான்கு. அப்பின்னத்தைத் தலைகீழாக்கினால் 125 கிடைக்கும். எதனை எதனோடு ஒப்பிட்டாலும் முடிவு மாறாதிருத்தற்பொருட்டே அவ்வெல்லைகள் அமைந்தன.

மெட்பார்மினில் கண்டது இது: உடனே கரைவது இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சியை எட்டுகின்றது, மெல்லக் கரைவதோ பெரும்பாலும் ஏழு மணி நேரத்தில் எட்டுகின்றது. ஒரே அளவு மருந்தாயினும், பின்னதன் உச்சி 20 விழுக்காடு தாழ்ந்துள்ளது. பரப்போ ஏறத்தாழ ஒன்றே. கரை உடையாமல் மதகு திறந்தது போல ஆயிற்று அன்றோ?

வியப்பு இதனோடு முடியவில்லை. உணவுடன் உண்டபொழுது, உடனே கரையும் மாத்திரையின் பரப்பு 25 விழுக்காடு குறைந்தது. மெல்லக் கரையும் மாத்திரையின் பரப்போ 50 விழுக்காடு கூடியது. மருந்து ஒன்றாயிருக்க, ஒரே உணவு ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவானேன்? மெட்பார்மினைப் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியே ஏற்றுக்கொள்ளும். வெறுவயிற்றில் விழுங்கிய மாத்திரை அப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதால், எஞ்சிய மருந்து கீழ்க்குடலில் கசிந்து வீணாகும். வயிறு நிறைய உணவு இருந்தாலோ, பருத்த மாத்திரை இரைப்பையிலேயே தங்கி, உரிய இடத்திற்குச் சொட்டுச் சொட்டாக மருந்தை அனுப்பும். இதனாலேயே மருத்துவர் அதனை இரவு உணவுடன் உண்ணப் பணிக்கின்றனர். தேனில் கொடுக்க, நெய்யில் கொடுக்க, வெந்நீரில் கொடுக்க என்று மருந்துதோறும் அனுபானம் வகுத்த நம் சித்த மருத்துவர் இதனைக் கேட்டிருப்பின், புதுமை என்று கூறியிரார்.

ஆனால், அனுபானத்தின் பழக்கமே ஓரிடத்தில் தீங்காகவும் முடியும். விழுங்க இயலாத முதியவளுக்காக, வீட்டிலுள்ள பிள்ளைகள் அன்புடன் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டுவர். உடனே கரையும் மாத்திரைகள் பலவற்றிற்கு அது பொருந்தும். மெல்லக் கரையும் மாத்திரையைப் பொடிப்பதோ ஏரிக்கரையை வெட்டிவிடுவதாகும். நாள் முழுதும் கசியவேண்டிய மருந்து சிறுபொழுதில் வெளிப்பட்டுவிடும். மெட்பார்மினாயின் வயிறு புரட்டுவதோடு பெரும்பாலும் போகும். குருதியழுத்த மருந்தாயின் அழுத்தம் திடீரென வீழலாம். கடிய வலியடக்கி மருந்தாயின் மூச்சே நின்றுவிடலாம். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் இவ்வுண்மை வெளிப்பட்டது. ஹைட்ரோமார்போன் என்னும் வலியடக்கியை மெல்ல வெளிவிடும் ஒரு கூட்டுமருந்தை, நலமுடையோர் கடிய மதுவுடன் உட்கொண்டபொழுது, அதன் உச்சி சராசரியாக ஆறு மடங்கும், ஒருவர்க்குப் பதினாறு மடங்கும் உயர்ந்தது. மது அதன் பூட்டைக் கரைத்துவிட்டது. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே அம்மருந்து விற்பனையினின்று நீக்கப்பட்டது. நோயாளர் பலர் கைக்குப் போகுமுன் அவ்விடரைக் காட்டியவர்கள், குருதி கொடுத்த அச்சிலரே.

மாத்திரை அட்டையில் பெயரை அடுத்து எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்னும் எழுத்துகள் காணப்படின், அது மெல்லக் கரைவது என்று அறிக. நடுவே கோடிட்ட சிலவற்றைப் பாதியாக்கலாம். எவற்றை என்பதை மருந்தாளுநரிடம் கேட்டறிதல் வேண்டும். விழுங்க இயலாதவர்க்கு வேறு வடிவில் மருந்து தர மருத்துவரால் இயலும்.

மெல்லக் கரையும் மெட்பார்மினை உண்போர் சிலர், மறுநாள் மலத்தில் மாத்திரை போன்ற மெத்தென்ற பொருளைக் கண்டு, மருந்து கரையவே இல்லை என்று அஞ்சுவதுண்டு. அது மருந்தன்று, மருந்தை முழுதும் கசியவிட்டபின் எஞ்சிய வெறுங்கூடு.