நீரிற் பிறந்து நீரைத் தடுக்கும் பூச்சு

நீரிலே கலந்து பூசப்பட்ட ஒரு பொருள், உலர்ந்தபின் அந்நீரையே தன்னூடு செல்லவிடாது தடுக்கின்றது. முதலிற் கேட்போர்க்கு இது முரண்போலத் தோன்றும். தாளுக்கும் மெல்லிய பொதியுறைகளுக்கும் இக்காலத்திற் பூசப்படும் நீர்சார் பல்பகுதியப் பூச்சுகளின் இயல்பு இதுவே. இம்முரண் தீருமாறு யாது, அதனால் விளையும் நன்மை யாது, அந்நன்மையின் எல்லை யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

தாளின் குறை

தாள் என்பது செலுலோசு நார்களின் பின்னலாகும். செலுலோசு மூலக்கூற்றில் ஐதரொட்சிற் கூட்டங்கள் பல உள. அவை ஐதரசன் பிணைப்பினால் அயல் நார்களைப் பற்றி நிற்றலே தாளுக்கு உறுதி தருவது. அக்கூட்டங்களே நீரையும் விரும்பி ஏற்பன. நீர் புகுந்தவிடத்து நார்களுக்கிடையிலுள்ள பிடிப்புத் தளரும். தாள் நைந்து கிழியும். எண்ணெயோ நார்களின் இடைவெளி வழியே மயிர்த்துளைத் தாக்கத்தாற் பரவும். ஆதலின் உணவைப் பொதியும் தாளுக்கு ஒரு கவசம் வேண்டும்.

அக்கவசம் முன்னாளில் மெழுகாயிருந்தது. 1933 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கிப்சன், போசெற்று என்னும் இருவர் பொலித்தீனைக் கண்டனர். பின்னாளில் அதனை உருக்கித் தாளின்மேற் படலமாக இடும் முறை பரவிற்று. வேறு சில பூச்சுகள் தொலுயீன், எதைல் அசற்றேற்று முதலிய சேதனக் கரைப்பான்களிற் கரைத்துப் பூசப்பட்டன. இக்கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுவன. அவற்றின் ஆவி தொழிலாளர்க்கும் வெளிக்காற்றுக்கும் கேடு பயப்பது. இவ்விடரே நீரின்பால் அறிஞர் கருத்தைத் திருப்பிய காரணங்களுள் முதன்மையானது.

பாலின் பாடம்

இயற்கை இதற்கு முன்னரே வழிகாட்டியுள்ளது. 1876 இல் இறப்பர்க் கன்றுகள் வந்திறங்கிய இந்நாட்டவர்க்கு இறப்பர்ப் பால் புதிதன்று. அப்பாலில் இறப்பர் கரைந்திருப்பதில்லை. நுண்ணிய துணிக்கைகளாக நீரில் மிதக்கின்றது. துணிக்கைகளைப் போர்த்துள்ள புரதமும் கொழுப்புப் பொருள்களும் அவற்றை ஒன்றுசேரவிடாது காக்கின்றன. அமிலம் விட்டதும் அக்காவல் நீங்கப் பால் உறைகின்றது.

தொழிற்சாலையிலும் இத்தகைய பாலொன்றையே ஆக்குகின்றனர். நீர், சவர்க்காரம் போன்ற ஒரு பொருள், அக்கிரிலிக்கு அல்லது வைனைல் வகை ஒருபகுதியம் ஆகியவற்றைக் கலக்கிப் பொற்றாசியம் பேர்சல்பேற்றைச் சேர்த்துச் சூடாக்குவர். சவர்க்கார மூலக்கூறுகள் நீரிற் சிறு திரள்களாகக் கூடுகின்றன. அத்திரள்களின் உள்ளே ஒருபகுதியங்கள் சங்கிலிபோற் கோத்துப் பல்பகுதியமாகின்றன. இம்முறையின் உட்பொருளை 1947 இல் ஆக்கின்சு என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். முடிவில் ஏறத்தாழ 100 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகள் நிறைந்த வெண்ணிறப் பாலொன்று கிடைக்கும்.

இதில் ஒரு பேறு உண்டு. நீண்ட சங்கிலிகளைக் கரைப்பானிற் கரைத்தால் அவை ஒன்றோடொன்று சிக்கிக் கரைசல் தேன்போலத் தடிக்கும். துணிக்கைக்குள் அவை சுருண்டு கிடப்பதால், நிறையிற் பாதியளவு பல்பகுதியமாயினும் பால் எளிதில் ஓடும். ஆகவே விரைந்தோடும் பொறியிற் பூசுதற்கு அது மிக வாய்ப்பானது.

படலம் உருவாதல்

பூசிய பால் மூன்று படிகளிற் படலமாகின்றது. முதலில் நீர் ஆவியாகத் துணிக்கைகள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. ஒத்த கோளங்களை எத்துணை நெருக்கி அடுக்கினும் கனவளவில் நூற்றுக்கு 74 பங்கே நிரம்பும், எஞ்சியது வெளியாகும். இரண்டாம் படியிற் கோளங்கள் நசுங்கி அவ்வெளியை அடைக்கின்றன. மூன்றாவதாக ஒரு துணிக்கையின் சங்கிலிகள் அயல் துணிக்கையினுட் புகுந்து பின்னிக்கொள்கின்றன. இம்மூன்றாம் படி நிறைவேறாவிடிற் படலம் உதிர்ந்துவிடும்.

மரவேலையிற் பயன்படும் வெள்ளைப் பசையைக் கண்ணாடித் தட்டில் மெல்லெனப் பூசி உலரவிடும் மாணவர் இதனை நேரிற் காணலாம். துணிக்கைகள் ஒளியைச் சிதறடிக்கும்வரை பசை வெண்மையாகும். அவை ஒன்றியதும் தெளிந்துவிடும்.

இனி, தொடக்கத்திற் கூறிய முரணுக்கு விடை காண்பாம். சில பல்பகுதியங்களில் காபொட்சிற் கூட்டங்களைச் சேர்த்து அமோனியாவால் நடுநிலையாக்குவர். அப்போது அவை உப்பாகி நீரோடு உறவாடும். உலரும்போது அமோனியா ஆவியாகிப் போய்விடக் கூட்டங்கள் மீண்டும் அமில நிலையடைகின்றன. நீரோடிருந்த உறவும் அறுகின்றது. துணிக்கைகளும் ஒன்றியபின் தனித்தனியே பிரிந்து நீருக்கு மீள்வதில்லை.

இடர்கள்

நீர் மலிவானது, தீப்பற்றாதது. எனினும் அதனை ஓட்டுதல் எளிதன்று. கொதிநிலையில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 யூல் வெப்பம் வேண்டும். தொலுயீனுக்கு அதில் ஆறிலொரு பங்களவே போதும். மேலும் நீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன் அளவினது. பொலித்தீன் உறைபோன்ற பரப்பில் அது பரவாது முத்தாகத் திரளும். ஆதலால் அவ்வுறையை மின்னிறக்கத்திற்கு உட்படுத்திப் பரப்பை மாற்றியபின்னரே பூசுவர்.

பல்பகுதியத்தின் மென்மையும் அளவறிந்து அமைதல் வேண்டும். மிக மென்மையாயின் சுருளிற் சுற்றிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். மிக வன்மையாயின் மடித்தவிடத்து வெடிக்கும், வெடித்தவழி எண்ணெய் கசியும். வெண்களியின் தட்டையான துணிக்கைகளைச் சேர்த்தலும் வழக்கம். ஊடுருவும் ஆவி அத்தட்டுகளைச் சுற்றிச் செல்ல நேர்வதால் அதன் பாதை நீளும்.

நன்மையும் எல்லையும்

இலங்கையில் 2017 செப்ரெம்பர் முதலாம் நாள் தொட்டுப் பொலித்தீனாலான ‘லஞ்ச் சீற்’ தடைசெய்யப்பட்டது. சோற்றுப் பொதிக்கு மாற்றுத் தாள் யாது என்னும் வினா அன்றுதொட்டு நம் வீட்டு வினாவாயிற்று. எண்ணெய் தடுக்கும் தாள்களுக்கு முன்னர்ப் பயன்பட்ட புளோரீன் சேர்வைகள் சில, சூழலில் நெடுங்காலம் அழியாது நிற்பன. அவை இனித் தம் நாட்டுச் சந்தையில் அப்பயனுக்கென விற்கப்படுவதில்லை என 2024 பெப்ருவரியில் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. இவ்விரு வெற்றிடங்களையும் நிரப்ப முயல்வனவற்றுள் நீர்சார் பூச்சும் ஒன்று.

பொலித்தீன் படலத்தினும் இதனை மெல்லியதாக இடலாம். கூழாக்கும்போது தாளிலிருந்து எளிதிற் பிரியத்தக்கதாகவும் அமைக்கலாம். அவ்வாறு அமைந்தவிடத்து நார் மீளப் பயன்படும். ஆயினும் ‘நீர்சார்’ என்னும் சொல் பூசும் முறையைக் குறிப்பதேயன்றி மட்கும் தன்மையைக் குறிப்பதன்று. நீர் போய்விடும்; தாளில் நிற்பது பல்பகுதியமே. ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு ஒருமுறைப் பாவனைப் பிளாத்திக்குச் சட்டம், இத்தகைய பூச்சுடைய கிண்ணங்களையும் தன் வரம்பினுள் அடக்குகின்றது.

வாழையிலையின் மேற்றோலிலும் கியூற்றின் என்னும் பல்பகுதியமும் மெழுகும் கூடிய ஒரு பூச்சு உளது. அது நீரைத் தடுக்கும். மண்ணில் விழுந்தபின் நுண்ணுயிர்க்கு உணவாகும். மனிதன் ஆக்கும் பூச்சு இவ்விரண்டில் முன்னதைச் செய்கின்றது. பின்னதைச் செய்விப்பதே இன்று ஆய்வுகூடங்களில் நிகழும் முயற்சி. இரசாயனம் பயிலும் நம் மாணவர், ஒரு பொதியுறையைக் கையிலெடுக்கும்போது அது எதனாலாயது, எதனைத் தடுக்கின்றது, எறிந்தபின் என்னவாகும் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பப் பழகுவாராக. மூன்றாவதற்கு விடையில்லாத பொருள், முதலிரண்டிற் சிறப்பினும் குறையுடையதே.