நாம் சொன்னபடி கேட்கும் சின்னப் பலகை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அர்டுயினோ என்ற சின்னப் பலகையை வைத்து விளக்கு எரிய விடுகிறார்கள். "அதெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கெதுக்கு?" என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ராஜஸ்தானில் திலோனியா கிராமத்தில் உள்ள பேர்ஃபுட் கல்லூரியில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களே சோலார் விளக்குக்கான மின்பலகையை நிறம் பார்த்துப் பொருத்தக் கற்றார்கள். நமக்கும் வரும்.

அர்டுயினோ 2005-ல் இத்தாலியில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காக உருவானது. அதன் வரைபடத்தை எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அதே மாதிரிப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. யாராவது "பயிற்சி கிட்" என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் உள்கடன் எடுத்து வாங்காதீர்கள். உனோ பலகை ஒன்றும் ஒரு யு.எஸ்.பி. வயரும் போதும். குழுவுக்கு ஒன்று இருந்தால் மாற்றி மாற்றிப் பழகலாம். வயர் வாங்கும்போது, தகவலும் கடத்துமா என்று கேளுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர் என்றால் கம்ப்யூட்டருக்குப் பலகை இருப்பதே தெரியாது.

அர்டுயினோ மென்பொருள் இலவசம். அதில் பலகையின் பெயரையும் போர்ட்டையும் தேர்வு செய்துவிட்டு, எடுத்துக்காட்டுகளில் 'பிளிங்க்' என்பதைத் திறங்கள். இரண்டு பகுதி இருக்கும். 'செட்டப்' ஒரே ஒரு தடவை நடக்கும், அடுப்பு மூட்டுவது போல. 'லூப்' திரும்பத் திரும்ப நடக்கும், தோசை வார்ப்பது போல. ஹை என்றால் எரியும், லோ என்றால் அணையும். நடுவில் 'டிலே 1000' என்றிருப்பது ஒரு விநாடி காத்திரு என்று பொருள்.

புதுப் பலகை பலவும் வாங்கும்போதே மினுக்கிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு 1000-ஐயும் 200 ஆக்கி அப்லோட் செய்யுங்கள். வேகமாக மினுக்கினால்தான் அது நீங்கள் சொன்னதைக் கேட்கிறது! தப்பு என்று சிவப்பெழுத்து வந்தால் வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதித் தப்பு அங்கேதான்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த இதே பலகை உதவும். ஆனால் மோட்டாரில் ஓடுவது 230 வோல்ட். பலகைக்கு 5 வோல்ட் தான். மோட்டார் இணைப்பைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், நாம் தொட வேண்டாம்.

எவர்சில்வர் தட்டில் பலகையை வைத்து ஓட்டாதீர்கள், அடியில் உள்ள முனைகள் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். நம் பரங்கிப்பேட்டை உப்புக்காற்றுக்கு முனைகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.