சபர் முடிந்து வீடு திரும்பும்போது...



நம் கடற்கரை ஊர்களுக்குச் சபர் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் முன்னோர் சிலோனுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரர்கள் துபாய்க்கும் ரியாத்துக்கும் விமானம் ஏறுகிறார்கள். புறப்படும்போது பேண வேண்டிய ஒழுங்குகளைப் பலரும் ஆலிம்களிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் திரும்பி வருவதற்கும் மார்க்கத்தில் ஒழுங்குகள் உண்டு என்பதை நினைப்பவர்கள் குறைவு. குடும்பங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் போகும்போது உண்டாவதில்லை. திரும்பி வந்த பிறகே உண்டாகிறது. ஆகவே இம்மாதப் பாடத்தில் இதைக் கவனிப்போம்.

வீட்டுக்குள் நுழையுமுன்

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், போன காரியம் முடிந்ததும் தம் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். நெடுநாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வந்து வீட்டாரின் கதவைத் தட்டுவதையும் தடுத்துள்ளார்கள். வீட்டார் தங்களைச் சீர்படுத்திக் கொள்ள அவகாசம் வேண்டும் என்பது அதன் ஹிக்மத். இக்காலத்தில் விமானம் நள்ளிரவில் வந்து இறங்கினாலும், தொலைபேசியில் முன்பே சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாமல் வந்து திகைக்க வைப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் இந்த ஹதீஸைச் சிந்திக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் சபரிலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். நாமும் மஹல்லாப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வீட்டில் நுழைந்தால், நமது வருகை ஷுக்ருடன் தொடங்கும். நண்பர்கள் தம் வீட்டாருக்குக் கொடுத்துவிட்ட பொட்டலங்கள் நம்மிடம் இருக்கும் அமானிதங்கள். நமது பெட்டியைப் பிரித்த அன்றே அவற்றையும் உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

விடுமுறை 30 நாள்தானே என்று சொந்த ஊரில் கஸ்ரு செய்வோர் சிலர் உண்டு. இது தவறு. சொந்த ஊரின் எல்லைக்குள் வந்ததும் முசாபிர் என்ற நிலை நீங்கிவிடுகிறது. பயணத்தில் தவறிய லுஹரை வீட்டில் களாச் செய்பவர் ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு ரக்அத்தும், ஹனஃபி மத்ஹபில் இரண்டு ரக்அத்தும் தொழ வேண்டும்.

அரபு நாட்டில் ஒரு நாள் முந்தி நோன்பைத் தொடங்கியவர் ரமளானின் நடுவே ஊர் வந்தால், தமக்கு 30 நோன்பு நிறைவாகிவிட்டாலும் ஊராருடன் சேர்ந்து நோன்பு நோற்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று இதுவே. இங்கிருந்து அங்கே சென்றவருக்கு 28 நோன்பிலேயே பெருநாள் வந்துவிட்டால், அவர்களுடன் பெருநாள் கொண்டாடிவிட்டு ஒரு நோன்பைக் களாச் செய்வார்.

கப்பலில் வந்தவர்கள்

இனி, சட்டத்தைவிடக் கடினமான மனத்தின் விஷயத்துக்கு வருவோம். மக்கத்துக் காபிர்களின் கொடுமை தாங்காமல் அபிஸீனியாவுக்குச் சென்ற ஜஃபர் (ரலி) அவர்களும் அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும், ஏறக்குறைய 12 ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்து, ஹிஜ்ரி 7-ல் (கி.பி. 628) கைபர் வெற்றியின்போது கப்பலில் திரும்பினார்கள். கைபர் போரில் கலந்துகொள்ளாத இக்கப்பல்வாசிகளுக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் வெற்றிப் பொருளில் பங்கு கொடுத்தார்கள்.

ஒரு நாள் அஸ்மா (ரலி) அவர்கள் ஹஃப்ஸா (ரலி) அவர்களைக் காணச் சென்றிருந்தார்கள். அங்கு வந்த உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தில் நாங்கள் முந்திவிட்டோம், ஆகவே ரஸூலுல்லாஹ்விடம் எங்களுக்கே அதிக உரிமை என்று சொன்னார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நாயகத்துடன் இருந்தீர்கள். உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள். நாங்களோ தூர தேசத்தில் அச்சத்தோடு கிடந்தோம் என்று பதிலளித்தார்கள். கூட்டாமல் குறைக்காமல் நாயகத்திடம் சொல்வேன் என்று சத்தியமும் செய்தார்கள். அதன்படி சொன்னபோது, உமருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பல்வாசிகளான உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்று பெருமானார் தீர்ப்பளித்தார்கள். கப்பலில் வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக அஸ்மாவிடம் வந்து இச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

அவர்கள் தீனுக்காகச் சென்றவர்கள். நம்மவர் பிழைப்புக்காகச் செல்கிறவர்கள். இரண்டும் சமமல்ல. ஆயினும் இங்கே நமக்கொரு படிப்பினை உண்டு. திரும்பி வந்தவரின் கஷ்டத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்லே அவருக்குப் பெரிய வரவேற்பு. ஒற்றை அறையில் பலரோடு படுத்து, வெயிலில் வேலை செய்து, வாப்பாவின் ஜனாஸாவுக்குக்கூட வர முடியாமல் அழுதவரிடம், நீங்கள் அங்கே சுகமாகத்தானே இருந்தீர்கள் என்று யாரும் கேட்கலாகாது.

வீட்டில் இருந்தவர்கள்

இதே நீதி மறுபக்கமும் உண்டு. கணவரைப் பிரிந்த ஒரு பெண்ணின் துயரக் குரலை மதீனாவின் இரவில் கேட்ட உமர் (ரலி) அவர்கள், ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸாவிடம் விசாரித்தார்கள். பின்னர் படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு கட்டினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நம் பெண்களோ இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்கிறார்கள்! பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, கொத்தனாருக்குக் கூலி எண்ணிக் கொடுத்தது எல்லாம் அவர்களே.

வந்த இரண்டாம் வாரமே கணக்குக் கேட்டு, வீட்டின் வழக்கங்களையெல்லாம் மாற்றுபவர் அந்த உழைப்பை மறுப்பவராகிறார். பால்குடி மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் மனமொத்து ஆலோசித்துச் செய்யுமாறு திருமறை (2:233) கற்பிக்கிறது. வீட்டுப் பொறுப்பைத் திரும்ப ஏற்பதும் மஷூராவுடன்தான் நடக்க வேண்டும். மனைவியும், இதுவரை நானே பார்த்தேன், இனியும் நானே பார்ப்பேன் என்று கணவரை ஒதுக்கிவிடலாகாது.

பிள்ளைகள்

வாப்பாவை முகம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் குழந்தையைக் கண்டு கோபப்படாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சபரிலிருந்து வரும்போது குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு அழைப்பார்கள். ஒரு முறை ஒரு சிறுவரை முன்னும், பாத்திமா (ரலி) அவர்களின் மகனைப் பின்னும் ஏற்றிக்கொண்டு, மூவருமாக ஒரே வாகனத்தில் மதீனாவில் நுழைந்தார்கள். முன்னால் அமர்ந்த அச்சிறுவர் யார்? அபிஸீனியாவில் பிறந்த, ஜஃபரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி)! மிட்டாய் டப்பாவைவிட இந்த நெருக்கமே பிள்ளையின் உள்ளத்தைத் திறக்கும்.

வெறுங்கையோடு வந்தால்

1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அனைத்தையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 2020-ல் கொரோனாவின்போதும் வேலையிழந்து பலர் வந்தார்கள். அத்தகையவரிடம், என்ன கொண்டு வந்தாய் என்று கேட்பது புண்ணில் உப்பிடுவதாகும். இரணம் அல்லாஹ்வின் பொறுப்பு. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று ஹதீஸில் உள்ளது. ஆகவே சொந்த ஊரில் ஒரு சிறு கடை வைப்பதில் வெட்கம் எதற்கு?

சகோதரர்களே! யார் அதிகம் கஷ்டப்பட்டது என்ற கணக்கை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். போனவர் இருந்தவரின் பொறுமையையும், இருந்தவர் போனவரின் உழைப்பையும் ஒப்புக்கொண்டு, ஒருவருக்கொருவர் துஆச் செய்யுங்கள். பிரிந்த குடும்பங்களை வல்ல ரஹ்மான் அன்போடும் பரக்கத்தோடும் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.