வேலை இழந்தவனுக்குக் கொடுப்பது தர்மமா, நியாயமா?



ஒரு நாடு அந்நியச் சரக்குகளின்மேல் போட்டிருந்த சுங்க வரியைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியும் செருப்பும் மலிவாக வந்திறங்கும். வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் பணம் மிச்சமாகும். ஆனால் அதே சரக்கைச் செய்துவந்த உள்நாட்டு ஆலை மூடப்பட்டால், அங்கே உழைத்தவனுக்கு முழுச் சம்பளமும் போய்விடும். லாபம் எல்லா வீடுகளுக்கும் பங்காகிறது. நஷ்டமோ சில வீடுகளின் தலையில் மட்டும் விழுகிறது. அந்த வீடுகளுக்கு நாடு கடன்பட்டிருக்கிறதா? இதுவே இவ்வாரப் பாடம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கவனியுங்கள். ‘ஆம், கடன்பட்டிருக்கிறது’ என்று 1954-ல் எடுத்துரைத்தவர் உருக்காலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட். 1962 அக்டோபர் 11-ல் ஜனாதிபதி கென்னடி கையொப்பமிட்ட வர்த்தக விரிவுச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. இறக்குமதியால் வேலை இழந்தவனுக்கு வாரச் சம்பளத்தில் 65 சதவீதம் வரை, 52 வாரங்களுக்கு உதவித் தொகை. புதுத் தொழில் கற்கப் பயிற்சி. வேறு ஊர் போய்ப் பிழைக்கச் செலவுப் பணம். இவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன.

நடந்தது என்ன? வரிக்குறைப்பே இறக்குமதி பெருக முக்கியக் காரணம், அந்த இறக்குமதியே வேலை போக முக்கியக் காரணம் என்று இரண்டையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1969 நவம்பர் வரை தொழிலாளரின் ஒரு மனுகூட ஏற்கப்படவில்லை. ஏழு ஆண்டுகள்! சட்டம் இருந்தது, சகாயம் இல்லை. 1974-ல் நிபந்தனைகளைத் தளர்த்திய பிறகே லட்சக்கணக்கானோர் பயன் பெற்றார்கள். 2002-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது. 50 வயது கடந்தவன் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, இரண்டு ஆண்டுக்குள் 10,000 டாலர் வரை, அவனுக்குக் கிடைத்தது. ஆனால் சட்டத்தின் தவணை நீட்டிக்கப்படாததால், 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு அனுமதி வழங்குவது நின்றுபோயிற்று.

இயந்திரத்தால் வேலை இழந்தவனுக்கு இல்லாத சலுகை இவனுக்கு மட்டும் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவனையும் கைவிடலாகாது. ஆனால் வரியைக் குறைத்தது சர்க்காரே. பொது நன்மைக்கென்று அறிந்தே செய்த காரியம். அந்த நன்மையைப் பெற்றவர்கள் அதன் விலையிலும் பங்கு கொடுக்க வேண்டாமா? ஆகவே இது பிச்சையல்ல, பாக்கி. பாக்கியை வேளையோடு கொடுக்க வேண்டும். வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் ஏழு ஆண்டு காத்திருக்க மாட்டா.

உங்கள் தெருவிலும் ஆலை மூடி வீட்டிலிருப்பவர் இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று பேசாதீர்கள். எங்கே ஆள் தேவை என்று தெரிந்தால் முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டில் கலந்து பேச: நாம் மலிவாக வாங்கும் பொருள்களில், முன்பு நம் ஊரிலேயே செய்யப்பட்டவை எவை? அவற்றைச் செய்தவர்கள் இன்று எப்படிப் பிழைக்கிறார்கள்?