ட்வீட்டர் ஏன் எரிந்தது?



கல்லூரியில் படித்த காலத்தில், அண்ணனின் பழைய காருக்குக் கதவு ஸ்பீக்கர் மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். கதவுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர்; கண்ணாடி ஓரத்தில், நாணயத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு ட்வீட்டர். ட்வீட்டரின் கம்பியில் சிறிய உருளை ஒன்று தொங்கியது. அந்த இடத்தில் கம்பி நைந்திருந்ததால், உருளையை வெட்டி எறிந்துவிட்டு நேராக இணைத்தேன். சத்தமாகப் பாட்டு வைத்தோம். சில நிமிடங்களில் கருகிய வாடை வந்தது. ஒரு ட்வீட்டர் ஊமையானது. மல்டிமீட்டரில் சோதித்தால், உள்ளே சுருள் அறுந்திருந்தது. “இயற்பியல் படிக்கிறவன் செய்யிற வேலையா தம்பி இது?” என்றார் அண்ணன்.

நான் வெட்டி எறிந்த அந்த உருளைதான் இன்றைய பாடம்.

ஏன் இரண்டு ஸ்பீக்கர்?

நம் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு வெறும் 3.4 சென்டிமீட்டர்.

தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு 16.5 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவு ஸ்பீக்கரின் கூம்பு ஏற்றது. ஆனால், அந்தக் கனமான கூம்பால் நொடிக்கு 10,000 முறை சரிவர அதிர முடியாது. மேலும், அலைநீளம் கூம்பைவிடச் சிறியதாகும்போது ஒலி பக்கவாட்டில் அதிகம் பரவாமல், டார்ச் விளக்கின் ஒளிபோல நேராகப் பாயும். கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து அது நம் காதுக்கு வராது, காலுக்குத்தான் போகும்! அதனால்தான் உயர்ந்த ஒலிக்குத் தனியாக ஒரு சிறிய ட்வீட்டரை மேலே பொருத்துகிறார்கள்.

பங்கு பிரிக்கும் கருவி

ஆம்ப்ளிஃபையர் எல்லா அதிர்வெண்களையும் கலந்தே அனுப்புகிறது. அவற்றைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். அதன் எளிய வடிவத்தில் இரண்டே பொருள்கள்: ட்வீட்டருடன் தொடராக ஒரு மின்தேக்கி (நான் வெட்டிய உருளை இதுதான்), பெரிய ஸ்பீக்கருடன் தொடராக ஒரு கம்பிச்சுருள்.

மாறுமின்னோட்டத்திற்கு இவை காட்டும் எதிர்ப்பை மின்மறுப்பு என்கிறோம். அதன் அலகும் ஓம்தான்.

மின்தேக்கியின் மின்மறுப்பு = 1 ÷ (2 × 3.142 × அதிர்வெண் × மின்தேக்குத்திறன்)

சுருளின் மின்மறுப்பு = 2 × 3.142 × அதிர்வெண் × மின்தூண்டல்

அதிர்வெண் கூடினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். 10 மைக்ரோஃபராட் மின்தேக்கியையும் 0.16 மில்லிஹென்ரி சுருளையும் எடுத்துக்கொள்வோம்.

- 100 ஹெர்ட்ஸ்: மின்தேக்கி 159 ஓம், சுருள் 0.1 ஓம்
- 4,000 ஹெர்ட்ஸ்: இரண்டும் ஏறத்தாழ 4 ஓம்
- 16,000 ஹெர்ட்ஸ்: மின்தேக்கி 1 ஓம், சுருள் 16 ஓம்

எரிந்ததன் கணக்கு

ட்வீட்டர் 4 ஓம் என்றும், ஆம்ப்ளிஃபையர் 100 ஹெர்ட்ஸில் 8 வோல்ட் தருகிறது என்றும் கொள்வோம். மின்தேக்கி இல்லாவிட்டால் மின்னோட்டம் 8 ÷ 4 = 2 ஆம்பியர். திறன் 2 × 2 × 4 = 16 வாட். தலைமுடிபோல மெல்லிய ட்வீட்டர் சுருள் இந்த வெப்பத்தை அதிக நேரம் தாங்காது.

மின்தேக்கி இருந்தால் மின்னோட்டம் 8 ÷ 159, அதாவது சுமார் 0.05 ஆம்பியர்தான். ட்வீட்டருக்குப் போகும் திறன் 0.01 வாட். பதினாறு வாட் எங்கே, இது எங்கே!

4 ஓம் 2 ஓம் ஆகாதா?

கூர்மையான மாணவர் இங்கே கை தூக்குவார்: “ஆசிரியர், 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 2 ஓம்தானே? ஆம்ப்ளிஃபையர் சூடாகாதா?” நல்ல கேள்வி. கிராஸ்ஓவர் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். கிராஸ்ஓவர் இருந்தால், தாழ்ந்த ஒலியில் ட்வீட்டர் கிளை ஏறக்குறைய அடைபட்டிருக்கும். உயர்ந்த ஒலியில் மற்றக் கிளை அடைபட்டிருக்கும். 4,000 ஹெர்ட்ஸில் இரண்டும் ஆளுக்குப் பாதித் திறனை ஏற்கும். ஆகவே ஆம்ப்ளிஃபையர் எப்போதும் ஏறத்தாழ 4 ஓம் சுமையையே உணரும்.

கம்பி இணைக்கும்போது

பெரியவர் ஒருவரின் துணையுடனேயே இதைச் செய்யுங்கள்.

1. முதலில் கார் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். மஞ்சள் நிற இணைப்பிகள் பொதுவாகக் காற்றுப்பையைச் சேர்ந்தவை, அவற்றைத் தொடாதீர்கள்.

2. துருவக் குறியில்லாத மின்தேக்கியையே பயன்படுத்துங்கள். ஸ்பீக்கரில் ஓடுவது மாறுமின்னோட்டம். நேர், எதிர் என முனை பிரித்த மின்தேக்கி அதில் கெட்டுவிடும்.

3. பெரிய ஸ்பீக்கரின் முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே நகர்ந்தால், பேட்டரியின் நேர்முனை தொட்டதே ஸ்பீக்கரின் நேர்முனை. இடது, வலது கதவுகளில் முனைகள் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அழிவுக் குறுக்கீட்டால் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும்.

4. கதவுக்குள் மழைநீர் இறங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மீண்டும் ஒட்டுங்கள். கிராஸ்ஓவரை நனையாத இடத்தில் வையுங்கள்.

மறுவாரம் புதிய ட்வீட்டரும் சில ரிங்கிட்டுக்கு ஒரு மின்தேக்கியும் வாங்கிப் பொருத்தினேன். அண்ணனின் கார் மறுபடியும் பாடியது.

செய்து பாருங்கள்

8 ஓம் ட்வீட்டரை 4,000 ஹெர்ட்ஸில் பிரிக்க எத்தனை மைக்ரோஃபராட் மின்தேக்கி தேவை? பெரிய ஸ்பீக்கரின் சுருளை மட்டும் எடுத்துவிட்டால் ஏதாவது எரியுமா? ஏன்?

(விடை: சுமார் 5 மைக்ரோஃபராட். பெரிய ஸ்பீக்கர் எரியாது. அதன் தடித்த சுருள் உயர்ந்த அதிர்வெண்களையும் தாங்கும். ஆனால், இரண்டும் ஒரே உயர்ந்த ஒலியைப் பாடுவதால் தெளிவு குறையும். உயர்ந்த அதிர்வெண்களில் ஆம்ப்ளிஃபையரின் சுமையும் 4 ஓமுக்குக் கீழே இறங்கும்.)