எஞ்சின் விட்டுவிட்டு எரிந்தால்

அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பழைய ஹோண்டா கப் வண்டிகள் நெடுங்காலம் உழைத்துள்ளன. 1958இல் ஜப்பானில் அறிமுகமான இவ்வகை வண்டிக்கு ஒரே சிலிண்டர்தான். அது எரியத் தவறினால் தாங்கிக்கொள்ள வேறு சிலிண்டர் இல்லை. வண்டி திணறும், பெட்ரோல் வீணாகும், விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்வோர் இருட்டில் நடுவழியில் நிற்க நேரிடும்.

சிலிண்டர் எரியத் தீப்பொறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, அமுக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். எது குறைகிறது என்பதை வரிசையாக ஆராய வேண்டும்.

முதலாவதாக, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்காயின் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வெளிறியிருப்பின் பெட்ரோல் குறைவு. இளம்பழுப்பு நலத்தின் அடையாளம். முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பிளக்கை மூடியில் பொருத்தி, எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, கையால் தொடாமல் ஸ்டார்ட்டரை உதைக்க வேண்டும். பிளக் துளைக்கும் பெட்ரோலுக்கும் அருகில் வைக்கலாகாது, தீப்பற்றும். பொறி நீலமாகப் பளிச்சிட்டால் கார்புரேட்டரைத் துப்புரவு செய்யலாம். மங்கினால் புதிய பிளக்கைப் பொருத்திச் சோதிக்க வேண்டும். அப்போதும் மங்கினால் வயரையும் மூடியையும், பாயிண்ட் உள்ள வண்டியாயின் அதன் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்.

பொறியும் கலவையும் சரியாயிருந்தும் திணறல் நீங்காவிடில் அமுக்கம் குறைந்திருக்கலாம். வால்வையும் வளையத்தையும் பட்டறையில் காட்டுக.

காரணம் அறியாது உதிரிப்பொருள் வாங்குவது, உழைத்த கூலியை வீதியில் வீசுவதாகும்.